ஆகாசம் எவன் அப்பன் வீட்டுச் சொத்து?

வேற்றுக் கிரகவாசி, கடவுள், மீட்பர் என்று கதை சொல்லும் ராக் இசைத்தட்டுகளைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். டேவிட் பௌவியின் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' (1972) முதலில் வரும். பின்னாலேயே வரிசையாக வெள்ளைக்காரர்கள். 1975 டிசம்பரில் ஜார்ஜ் கிளிண்டனின் பார்லிமெண்ட் குழு கொண்டுவந்த 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' எங்கே என்று கேட்டால், "அது ஃபங்க், ஆடுற பாட்டாச்சே" என்பார்கள். வெள்ளையன் செய்தால் சோதனை முயற்சி, கறுப்பன் செய்தால் குத்தாட்டமா? எந்த ஊர் நியாயம் இது?

இன்னொரு பக்கம் முற்போக்குக் கனவான்கள். "கோமாளி வேஷம், பளபளா உடுப்பு. இதுல அரசியல் எங்கப்பா இருக்கு?" இருக்கிறது. சொல்கிறேன்.

1969 ஜூலை. அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்னாதி ஏழைக் குடும்பங்களோடும் கோவேறு கழுதை வண்டியோடும் ஏவுதளத்துக்குப் போய் நின்றார். இங்கே வயிறு காய்கிறது, நிலாவுக்கு இத்தனை பணமா? அடுத்த வருஷம் கில் ஸ்காட்-ஹெரான் 'வைட்டி ஆன் த மூன்' கவிதையில் அதே கேள்வியை, எலி கடித்த தங்கையின் உடம்பை வைத்துக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கேள்வியோடு நின்றுவிட்டால், வானம் அவனுக்கு, பசி நமக்கு என்கிற பாகப்பிரிவினை அப்படியேதான் கெடக்கும். கிளிண்டன் அந்தப் பத்திரத்தைக் கிழித்தார். தட்டின் அட்டையைப் பாருங்கள். பறக்கும் தட்டிலிருந்து காலை விரித்து எழும்பி வருகிறவன் கறுப்பன்.

இதற்குக் கொஞ்சம் முன்னால் 1968இல் எரிக் ஃபான் டேனிகன் 'சாரியட்ஸ் ஆஃப் த காட்ஸ்' எழுதினார். பழங்காலத்து அதிசயங்களுக்குப் பின்னால் வேற்றுக் கிரகத்தார் இருந்தார்களாம், பிரமிடு உட்பட. ஆப்பிரிக்க மண்ணின் உழைப்பை ஆகாயத்துக்காரன் கணக்கில் வரவு வைக்கிற வேலை இது. 1976இல் வந்த பார்லிமெண்டின் அடுத்த தட்டு இந்தப் புராணத்தையே எடுத்துக் குப்புறப் போட்டது. ஃபங்க்கின் ரகசியம் பிரமிடுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததாம், வானத்திலிருந்து வந்தவனும் கறுப்பனாம். பொய்தான். ஆனால் திருட்டுப் பொய்க்குப் பதில் சொல்லும் பொய்.

மதத்துக்கு வருவோம். அடிமைகளின் ஆன்மிகப் பாடலில் ஒரு ரதம் உண்டு. வந்து இறங்கும், வீட்டுக்குக் கூட்டிப்போகும். இந்தத் தட்டின் தலைப்புப் பாட்டு அந்த ரதத்தை விண்கலமாக்குகிறது. 1976இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் கிளென் கோயின்ஸ் தேவாலயக் குரலெடுத்துக் கூப்பிட, மேடையில் நெசமாவே கலம் இறங்கியது. செத்த பிறகு கிடைக்கும் என்று சொல்லிவைத்த மோட்சம் அன்றைக்கு ராத்திரியே, வேர்வை வழிய ஆடுகிற உடம்புக்குக் கிடைத்தது. பௌவியின் மீட்பன் தனியாள், கூட்டம் கொண்டாட விழுந்துபோகிறான். கிளிண்டனின் 'ஸ்டார் சைல்ட்' கும்பிடச் சொல்லவில்லை, கூட ஏறச் சொல்கிறான். பூசாரிக்கு இங்கே என்ன வேலை?

"கலத்துக்குக் காசு போட்டது இசைத்தட்டுக் கம்பெனிதானே?" ஆமாம், விற்கத்தான் போட்டான். ஆனால் கம்பெனிக்காரன் கணக்குப் பார்த்து முடித்த பிறகும் கலம் நிற்கவில்லை. 1992இல் டாக்டர் டிரே 'லெட் மீ ரைட்' பாட்டில் அதை மறுபடி இறக்கினார். கலத்தின் மறுபிரதி ஒன்று, 2016இல் வாஷிங்டனில் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் போயிருக்கிறது. அங்கே அது காட்சிப் பொருளாக உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது கேட்கிறவர்கள் பொறுப்பு.

ஒடுக்கப்பட்டவன் காயத்தைப் பாடினால் கைதட்டுகிறான் விமர்சகன். சிரித்தால், மினுக்கினால், நாளைக்கு நடக்கப்போவதைத் தன் இஷ்டத்துக்குக் கற்பனை செய்தால் முகம் சுளிக்கிறான். ஒப்பாரி மட்டும்தான் உனக்கு, எதிர்காலம் எனக்கு என்பதுதான் இதற்கு அர்த்தம். அவன் போடும் பாடத்திட்டத்தைத் தூக்கிக் கடாசுங்கள் தோழர்களே. தட்டைச் சுழல விடுங்கள். சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.