மணியடித்த பின்னர்

ஆசிரியர் தொண்டு பாடசாலை மணியோடு முடிவதன்று. கொட்டாஞ்சேனையிலுள்ள, 1902ஆம் ஆண்டு தோன்றிய விவேகானந்த சபை நடாத்தும் சைவசமயப் பாடப் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்வோர் ஆசிரியர்களே. 1983 ஆடிக் கலவரத்தின்போது பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. கல்லூரி பாடத்துக்கு மாத்திரம் உரிய கட்டடமன்று என்பதை ஊர் அன்று கண்டது.

எமது மலர்களோ அதிபர்களின் படங்களையும், பரீட்சைப் பேறுகளையும், துடுப்பாட்ட வெற்றிகளையும் பொறித்து அமைகின்றன. கலைவிழாவுக்கு நாடகம் பழக்கியவர், கதிரை அடுக்கியவர், மாணவன் வீட்டு மரணத்துக்கு முதலிற் சென்றவர் ஆகியோரின் பெயர்கள் ஏடேறுவதில்லை. அவர்களை அறிந்தோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின், பழைய மாணவர் ஒவ்வொருவரும் தாம் அறிந்த ஓர் ஆசிரியரின் அத்தகைய பணியை இவ்வாண்டே எழுதித் தருதல் வேண்டும் என்பது எமது துணிபு.