சரிவில் நிற்கக் கற்றுத் தருபவர்

குளிர்காலத்தில் காஷ்மீருக்குக் கிளம்பும் பலர் பயண முகவரிடம் கேட்கிறார்கள்: “குல்மார்க்கில் அரை நாள் இருப்போமே, அதற்குள் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டுவிடலாமா?” முடியாது என்பதுதான் நேர்மையான பதில். அரை நாளில் கனத்த பூட்ஸை மாட்டிக்கொள்ளலாம், நாலைந்து தடவை விழுந்து எழலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். கற்பது வேறு. அரை நாள் போதும் என்று நாம் நினைப்பதற்குக் காரணம், அங்கே கற்றுத் தருபவர் யார், அவருடைய வேலை என்ன என்று நமக்குத் தெரியாததுதான்.

குல்மார்க்கில் வண்டியை விட்டு இறங்கியதும் நம்மைச் சூழ்ந்துகொள்பவர்கள் எல்லோரும் ஒரே தொழில் செய்பவர்கள் அல்லர். மரத்தாலான சறுக்குவண்டியில் உட்காரவைத்துக் கயிறு பிடித்து இழுப்பவர் ஸ்லெட்ஜ்காரர். கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்திக்கு அழைத்துப்போய் இடங்களைச் சுற்றிக் காட்டுபவர் வழிகாட்டி. பூட்ஸையும் பலகைகளையும் வாடகைக்குக் கொடுப்பவர் கடைக்காரர். இவர்களுக்கு நடுவே பயிற்றுநரும் நிற்கிறார். சில குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று வேலைகளைப் பார்ப்பதும் உண்டு. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. ஸ்லெட்ஜ்காரரின் உழைப்பு குறைந்ததல்ல. ஆனால் பயிற்றுநர் செய்வது இன்னொருவரின் உடம்பையும் உயிரையும் பொறுப்பேற்றுக்கொள்ளும் வேலை. அதைத் தனியாகப் புரிந்துகொண்டால்தான் அவருக்கு என்ன தர வேண்டும், அவருக்கு ஏன் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சுக்குப் பொருள் இருக்கும்.

குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்வெளி. கோடையில் கோல்ஃப் ஆடும் அதே மேடுபள்ளங்கள்தான் குளிர்காலத்தில் தொடக்க மாணவர்களின் சரிவுகள். ஆங்கிலேயர் காலத்தில், 1927-இல், இங்கே பனிச்சறுக்குச் சங்கம் அமைந்தது. விடுதலைக்குப் பின் ராணுவம் தன் வீரர்களுக்கு மலைப்போர், பனிச்சறுக்குப் பயிற்சி தரும் பள்ளியை இங்கே நடத்தத் தொடங்கியது. 1960-களின் இறுதியில் மத்திய சுற்றுலாத் துறையின் பயிற்சி நிறுவனம் வந்தது. 1998-இல் கோண்டோலாவின் முதல் கட்டம் கோங்டூரி வரை ஓடியது. 2005-இல் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையின் தோள்வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டருக்கு ஏறியது. அதன் பிறகு உலகின் பல மூலைகளிலிருந்தும் தேர்ந்த சறுக்குவீரர்கள் இங்கே வரலானார்கள். செப்பனிடாத ஆழமான புதுப்பனியும் நீண்ட செங்குத்துச் சரிவும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

பயிற்றுநர்கள் பெரும்பாலும் 13 கிலோமீட்டர் கீழே இருக்கும் தங்மார்க்கையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள். பனி கொட்டிய காலையில் சங்கிலி சுற்றிய சக்கரத்தோடு வண்டி மேலேறினால்தான் அன்றைய பிழைப்பு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரரான ஆரிஃப் கான் இந்தப் பகுதிக்காரர்தான். அவருடைய தந்தை குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாதனக் கடை நடத்தியவர். இங்கே இந்தத் தொழில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் போகிறது. அதன் மேல் பயிற்சி நிறுவனத்தின் இரண்டு வாரப் படிப்புகளும் சான்றிதழும் சேர்கின்றன.

இனி, அவர் என்னதான் கற்றுத் தருகிறார்?

முதலில் பூட்ஸ். கணைக்கால் எலும்பின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கில் ஒட்டியிருக்க வேண்டும். குதிகால் உள்ளே தூக்கக் கூடாது. இரண்டு காலுறை போட்டால் குளிராது என்று நினைப்பவரிடம் ஒன்றைக் கழற்றச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இறுக்கத்தில் ரத்தவோட்டம் குறைந்து கால் மேலும் சில்லிடும். பிறகு ஒரு பலகையை மட்டும் மாட்டிக்கொண்டு சமதளத்தில் நடை. பிறகு பக்கவாட்டில் படிப்படியாக மேடேறுதல். பிறகு விழுவதும் எழுவதும். விழுந்தவர் எழ வேண்டுமானால் இரண்டு பலகைகளையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்த கணமே மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

அடுத்துத்தான் நிறுத்தக் கற்பது. பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பகுதிகளை அகட்டி, உள் ஓரங்கள் பனியைக் கடிக்கும்படி நின்றால் வேகம் குறையும். இந்த நிலையில் வலது காலில் எடையைக் கூட்டினால் உடம்பு இடப்பக்கம் திரும்பும். இடது காலில் கூட்டினால் வலப்பக்கம். சொல்வதற்கு எளிது. சரிவின் விளிம்பில் நிற்கும்போது மனித உடம்பு இதற்கு நேர்மாறாகத்தான் நடந்துகொள்கிறது. பயந்தவர் பின்னால் சாய்வார். சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போய்விடும். பலகையின் முன்பகுதி லேசாகிவிடும். திசை திருப்புவது அந்த முன்பகுதிதான் என்பதால் பலகை யார் சொல்லையும் கேட்காமல் நேராக, இன்னும் வேகமாக ஓடும். பயம் கூடும், இன்னும் சாய்வார். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளை மூழ்கிவிடுவோம் என்ற பயத்தில் தலையை மேலே தூக்கத் தூக்க இடுப்பு கீழே இறங்குமே, அதே கதைதான். தப்பிக்க வேண்டுமானால் எந்தப் பள்ளம் பயமுறுத்துகிறதோ அந்தப் பள்ளத்தை நோக்கியே மார்பைக் கொடுத்து முன்னால் சாய வேண்டும்.

பயிற்றுநரின் திறமை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. “முன்னால் சாயுங்கள்” என்று நூறு முறை கத்தினாலும் பயந்த உடம்பு கேட்காது. அதனால் அவர் மாணவருக்குக் கீழே, தன் முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி, பின்புறமாகவே சறுக்கியபடி அவர் கைகளையோ ஊன்றுகோலையோ பிடித்துக்கொண்டு இறங்குகிறார். விழுந்தால் இவர்மேல்தான் விழுவோம் என்ற நம்பிக்கை வந்தபின் மாணவரின் தோள் தளர்கிறது. முழங்கால் மடங்குகிறது. தன் பலகை முனையையே பார்த்துக்கொண்டிருந்த கண் மேலே எழுந்து போகவேண்டிய இடத்தைப் பார்க்கிறது. எந்தக் கணத்தில் கையை விடுவது, யாரை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்வது, எந்தச் சரிவு இவருக்கு இன்று கூடாது — இவற்றை மொழி தெரியாத ஒருவரின் முகத்தையும் மூச்சையும் பார்த்து முடிவுசெய்கிறார். நாள் முழுக்க இதே சிறு மேட்டில் ஏறி இறங்குவதுதான் அவர் வேலை. தானே ஆசைதீரச் சறுக்கும் வாய்ப்பு பருவத்தின் நடுவே அவருக்கு அதிகம் கிடைப்பதில்லை. இது பலரும் அறியாத உண்மை.

அரை நாள் போதாது என்று சொன்னதற்குக் காரணமும் இதுவே. பயம் இறங்குவதற்கு ஓர் இரவுத் தூக்கம் வேண்டும். முதல் நாள் மாலை முடியாதது இரண்டாம் நாள் காலையில் தானாக வருவதைப் பயிற்றுநர்கள் எல்லோரும் அறிவார்கள்.

தொடக்கச் சரிவைத் தாண்டி அஃபர்வாட்டுக்குப் போனால் அவர் படிக்கவேண்டியது பனியை. எப்போது விழுந்தது, எந்தத் திசைக் காற்று அதை எங்கே கொண்டுபோய்க் குவித்தது, அடியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். நீண்ட குளிர்ந்த தெளிவான இரவுகளில் பழைய பனியின் அடிப்படலம் ஒன்றோடொன்று ஒட்டாத பரல்களாக மாறிவிடுகிறது. அதன்மேல் காற்று அடுக்கிய கெட்டிப் படலம் உட்காருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்ற பஞ்சு மெத்தைதான். 30 முதல் 45 பாகை சாய்வுள்ள சரிவில் ஒருவர் எடை அதன்மேல் பட்டதும் மேற்படலம் முழுவதும் பிளந்து இறங்கிவிடும். காலடியில் அமுங்கிய ஓசை ஒன்று கேட்டால், பனியில் விரிசல் ஓடினால், அனுபவசாலி அங்கேயே நின்றுவிடுவார். சமிக்ஞைக் கருவியும் குத்திப் பார்க்கும் கோலும் மண்வெட்டியும் இல்லாமல் இந்தச் சரிவுகளுக்குப் போகக் கூடாது. புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன் பின் அது வேகமாகச் சரிகிறது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2010 பிப்ரவரியில் குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் நேர்ந்த பனிச்சரிவில் ராணுவப் பயிற்சியிலிருந்த 17 வீரர்கள் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட்டில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர், பலர் மீட்கப்பட்டனர். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யச் சறுக்குவீரர் ஒருவர் மாண்டார். அந்தக் குழு உள்ளூர்க்காரர் துணையின்றிச் சென்றது என்று அப்போது செய்தி வந்தது. உள்ளூர்த் துணை இருந்தால் ஆபத்தே இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் “இன்று வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்தவர் கூட இருப்பதன் மதிப்பு இத்தகைய நாட்களில்தான் தெரிகிறது. அப்படி அவர் சொல்லும் நாளில், பேசிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. மலையைப் பார்த்து வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அவர் செய்த வேலைதான். கூலி போய்விடுமே என்ற கவலை அந்த முடிவுக்குள் புகுந்தால் அது நமக்கும் ஆபத்து.

காஷ்மீரிகள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் சில்லாய் கலான்; அதன் பின் இருபது நாள் சில்லாய் குர்த்; கடைசிப் பத்து நாள் சில்லாய் பச்சா. சில்லாய் கலானில் விழும் பனி உறைந்து தங்கும். பருவம் முழுக்க அதுதான் அடித்தளம். பிந்தி விழும் பனி ஈரமாக வந்து சீக்கிரம் உருகிவிடும். மார்ச்சில் பகலில் இளகி இரவில் இறுகும் பனியில் காலைப் பொழுது மட்டும் சறுக்க வாகாக இருக்கும். ஏப்ரலில் எல்லாம் முடிந்து, பயிற்றுநர் ஆப்பிள் தோட்டத்துக்கோ மலையேற்ற வழிகாட்டி வேலைக்கோ குதிரைக்கோ திரும்புகிறார்.

அதாவது, ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு வாரங்களில் வர வேண்டும். அந்த வாரங்களோ இப்போது நம்ப முடியாதவையாக ஆகிவிட்டன. காஷ்மீரின் குளிர்காலப் பனி, மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து மேலைக் காற்றோடு நகர்ந்துவரும் தாழ்வழுத்த அமைப்புகளால் பெய்வது. அவை வராமல் போனாலும், வரும்போது வெப்பம் கூடியிருந்தாலும், பனி இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பழுப்பாக, வெறும் புல்லாகக் கிடந்த படங்களை நாடே பார்த்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அம்மாதத்தின் கடைசிப் பகுதிக்குத் தள்ளிப்போயின. 2025-லும் அதே காரணத்தால் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். விளையாட்டைத் தள்ளிவைக்கலாம். விடுப்பு எடுத்து, டிக்கெட் போட்டு, ஜனவரியில் வரவிருந்த மாணவர் மார்ச்சுக்கு வரமாட்டார்.

இதோடு அரசியல். காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்ட 2019 ஆகஸ்டுக்குப் பிந்தைய குளிர்காலம், அதை ஒட்டி வந்த பெருந்தொற்று, 2025 ஏப்ரல் 22 பஹல்காம் படுகொலை — ஒவ்வொன்றும் வருவோரை நிறுத்தியது. பெரும்பாலான பயிற்றுநர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மாணவர் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. முழங்கால் தசைநார் அறுந்தால் அந்தப் பருவமே போய்விடும். வானிலை, அரசியல், விபத்து ஆகிய மூன்று அபாயங்களும் சங்கிலியில் மிக எளியவரான அந்த ஒருவர் தலையில் இறங்குகின்றன. இதை நியாயம் என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

ஆல்ப்ஸிலும் பயிற்றுநர் பருவத் தொழிலாளிதான். ஆனால் ஆஸ்திரியாவில் பெரும்பாலோர் சறுக்குப் பள்ளியின் ஊழியர்கள். சமூகக் காப்பீடு உண்டு. பிரான்ஸில் பெரும்பாலோர் சுயதொழிலாளர்கள் என்றாலும், அரசுப் பட்டயம் இல்லாமல் கூலிக்குக் கற்பிக்க முடியாது; அதனால் தகுதிக்கு ஒரு மதிப்பும் விலையும் நிலைத்திருக்கின்றன. குல்மார்க்குக்கு இரண்டையும் அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் படிநிலை வகுத்த பதிவு முறை, அதில் முதலுதவியும் பனிச்சரிவு மீட்பும் கட்டாயம், பதிவட்டையில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அந்தப் படிநிலை: இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு என்பதும் அப்படியே.

பனி பொய்த்த பருவங்களில் கைகொடுக்க ஓர் உதவி நிதியும் வேண்டும். அதற்குப் பணம் எங்கே என்று கேட்கலாம். அரசு நிறுவனம் நடத்தும் கோண்டோலா கோடையிலும் ஓடுகிறது. 2023-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஏறினார்கள். வருமானம் நூறு கோடி ரூபாயைத் தாண்டியது. குல்மார்க்கை உலகச் சறுக்குவீரர்களின் வரைபடத்தில் ஏற்றியதில் பயிற்றுநர்களுக்கும் பங்குண்டு. ஒவ்வொரு பயணச்சீட்டிலிருந்தும் சில ரூபாயை ஒதுக்கி, ஜனவரி முடிவில் சரிவில் போதிய பனி இல்லாத ஆண்டுகளில் பதிவு பெற்ற பயிற்றுநர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அளவு எவ்வளவு, பனியை யார் அளப்பது, பதிவுப் பட்டியலை யார் சரிபார்ப்பது என்பதையெல்லாம் சுற்றுலாத் துறையும் கோண்டோலா நிறுவனமும் பயிற்றுநர்களின் பிரதிநிதிகளும் இந்தக் கோடையிலேயே உட்கார்ந்து பேசத் தொடங்க வேண்டும்.