குறுக்கி வைச்ச மரம்

2025 மாசியில் தங்கச்சியின் கலியாணப் பேச்சு ஒன்று குழம்பிப் போனது. அதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. சீதனக் கதை, பொருந்தாத சாதகம், மாப்பிள்ளையின் தமக்கையின் வாய். ஆனால் அம்மா கண்டுபிடித்த காரணம் வேறு: நான் லண்டனில் வளர்க்கிற மரம்.

"தம்பி, அந்தச் சட்டி மரத்தை ஆருக்கும் குடுத்துவிடு. குறுக்கி வைச்ச மரம் இருந்தால் குடும்பம் தழைக்காதாம். யூரியூப்பில ஒருத்தர் விளக்கமாச் சொன்னவர்."

மரம் நிற்பது யாழ்ப்பாணத்திலிருந்து 8,000 கிலோமீற்றருக்கும் மேல் தள்ளி, குரொய்டனில், ஒரு வாடகை வீட்டின் பின்வளவில். அவ்வளவு தூரம் பாயக்கூடிய தோஷம் எண்டால் அதுக்கு நானும் கொஞ்சம் மரியாதை குடுக்கத்தான் வேணும். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த 'குறுக்கி வைச்ச' என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. வாஸ்துவை நம்பாத என் நண்பர்களும் அதையேதான் வேறு பாஷையில் சொல்கிறார்கள். நான் வாசித்த போன்சாய்க் கவிதைகள் எல்லாமே அடக்கி வைக்கப்பட்ட பெண்ணைப் பற்றியவை, இல்லையென்றால் பள்ளிக்கூடம் நறுக்கிய பிள்ளையைப் பற்றியவை. மரத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லா மரத்துக்கும் நான் வக்கீல் இல்லை, எல்ம் மரத்துக்கு மட்டும்.

முதல் எல்மை நான் கொன்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2020 இல் படிக்க வந்த புதிதில் ஒரு சுப்பர்மார்க்கெற்றில் சீன எல்ம் ஒன்று வாங்கினேன். பாம்பு மாதிரி வளைந்த தண்டு, பளபளத்த சட்டி, மேலே பசை போட்டு ஒட்டின கூழாங்கல். அறை யன்னலில், ஹீற்றருக்கு நேர் மேலே வைத்தேன். நத்தாருக்கு முன்னமே இலை எல்லாம் கொட்டி முடிந்தது. குளிர்ந்த, வெளிச்சமான இடமென்றால் சீன எல்ம் வீட்டுக்குள்ளும் சமாளிக்கும். ஹீற்றர் காற்றில் அல்ல. அந்த மரத்தைப் பற்றிக் கவிதை எழுதியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது மரம் வாங்கினது இல்லை, கிண்டினது. எங்கள் வீட்டுக்கார மாமா எண்பதுகளில் வந்தவர். நகரசபையிடம் ஒரு தோட்டத்துண்டு வாடகைக்கு எடுத்து கத்தரியும் கீரையும் போடுகிறார். அதன் எல்லையில் பழைய உயிர்வேலி ஒன்று. 2021 மாசியில் அதில் ஒரு பகுதியைப் பிடுங்கிக் கம்பி போடப் போவதாகச் சொன்னார்கள். பொறுப்பானவரிடம் கேட்டு, பிடுங்கப் போகும் பகுதியில் ஒரு அடிக்கட்டையை நான் எடுத்தேன். மணிக்கட்டு மொத்தம். வருசா வருசம் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு முடிச்சு விழுந்த கட்டை. பிறகு விட்ட இலை கையில் சொரசொரத்தது, அடியில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி ஒழுங்கில்லாமல் இருந்தது. எல்மை அடையாளம் காண அதுவே போதும். அது இங்கிலிஷ் எல்ம்.

இந்த மரத்தின் கதை தெரியாமல் அதைக் குறுக்குவது பாவமோ புண்ணியமோ என்று பேச முடியாது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் வயல்வெளி என்றால் எல்ம்தான். ஜோன் கொன்ஸ்டபிள் ஒரு எல்மின் அடித்தண்டை மட்டும், பட்டை பட்டையாக, ஆளின் முகத்தை வரைவதுபோல வரைந்து வைத்திருக்கிறார். 30 மீற்றருக்கும் மேலே போகிற மரம். 1960களின் கடைசியில் வட அமெரிக்காவிலிருந்து வந்த மரக்குற்றிகளோடு ஒரு பங்கசு வந்திறங்கியது. டச்சு எல்ம் நோய் என்று பெயர். டச்சுக்காரர் கொண்டுவந்தார்கள் என்பதால் அல்ல, 1920களில் அதை முதலில் ஆராய்ந்தவர்கள் அந்த நாட்டு விஞ்ஞானிகள், முக்கியமாகப் பெண்கள் என்பதால். பங்கசைக் காவுவது ஒரு சின்னப் பட்டைவண்டு. பங்கசு உள்ளே போனதும் மரம் அதைத் தடுக்கத் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. அப்படியே தாகத்தில் சாகிறது. பிரித்தானியாவில் மட்டும் 25 மில்லியனுக்கும் மேற்பட்ட எல்ம்கள் போய்விட்டன.

இதில் இன்னுமொரு கொடுமை. இங்கிலிஷ் எல்ம் விதையால் பெருகுவதில்லை, வேரிலிருந்து குருத்துவிட்டுத்தான் பெருகும். அவை எல்லாமே ரோமர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஒரே மரத்தின் படிகள் என்று 2004 இல் வந்த மரபணு ஆய்வு சொன்னது. ஒன்றைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு எல்லாவற்றையும் கொல்லத் தெரியும்.

ஆனாலும் வேர் சாகவில்லை. குருத்து வரும், வளரும். 15–20 வருசத்தில் தண்டு மொத்தித்து, பட்டை தடித்து, வண்டு முட்டையிடத் தோதான அளவுக்கு வந்ததும் வண்டு வரும். மரம் சாகும். வேர் திரும்பக் குருத்துவிடும். இந்த வட்டத்தில் அகப்படாமல் தப்புவது பெரும்பாலும் வேலியில் வெட்டுப்படும் எல்ம்தான். மொத்திக்க விடாததால் வண்டு அதைச் சட்டை செய்வதில்லை. மாமாவின் வேலியிலேயே இதைப் பார்த்தேன். படலைக்குப் பக்கத்தில் இரண்டு எல்மை யாரும் வெட்டாமல் விட்டிருந்தார்கள், நன்றாக உயர்ந்து நின்றன. 2024 ஆடியில், சுற்றி எல்லாம் பச்சையாக இருக்கையில், ஒன்றின் உச்சிக்கிளை மட்டும் மஞ்சளாகிச் சுருண்டது. ஒரு சுள்ளியை முறித்துப் பட்டையை உரித்தேன். உள்ளே மண்ணிறக் கோடுகள். அதுதான் அடையாளம். புரட்டாதிக்குள் இரண்டும் சரி.

இனி என் கட்டையின் கதை. போன்சாய் என்றால் சின்னச் சட்டியில் வைத்துப் பட்டினி போடுவது என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். செய்து பார்த்தால் வேலையில் முக்கால்வாசி மரத்தை வளர விடுவதுதான். முதல் வருசம் பெரிய மரப்பெட்டியில், சரளைக்கல் கலந்த மண்ணில் நட்டு, கைவைக்கவே இல்லை. வெட்டின இடத்தைச் சுற்றிப் பற்றைபோலக் குருத்து வந்தது. வேர் பிடிக்க அத்தனை இலையும் வேண்டும். 2022 பங்குனியில் ஒரு குருத்தை மட்டும் தலைமைக்கு வைத்து மிச்சத்தை எடுத்தேன். அந்த ஆடி 19 இல் இங்கிலாந்து முதல்தடவையாக 40 பாகையைத் தாண்டியது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் இலை ஓரமெல்லாம் கருகியது. அப்படியிருந்தும் அந்தக் குருத்து என் நெஞ்சு உயரம் வந்துவிட்டது.

2023 மாசியில் அதை நாலு விரற்கடை விட்டுவிட்டு வெட்டினேன். மாமா பார்த்துக்கொண்டு நின்றவர்.

"டேய், ரெண்டு வருசம் தண்ணி ஊத்தி வளத்ததை ஏன்ரா வெட்டுறாய்?"

விசயம் இதுதான். ஓங்கி வளர விட்டால்தான் அடி மொத்திக்கும். மொத்தித்த பிறகு வெட்டினால் அடுத்த குருத்து அதைவிட மெல்லிசாக, கொஞ்சம் திசைமாறி வரும். அதையும் வளர விட்டு வெட்டவேண்டும். இப்படி நாலைந்து தரம் செய்தால் அடியில் பருத்து நுனியில் மெலிந்து, காற்றில் நின்ற பெரிய மரத்தின் சாயல் வரும். சீனாவில், குவாங்டொங் பக்கத்தில், கம்பியை அதிகம் நம்பாமல் வளர்த்து வெட்டி வளர்த்து வெட்டியே மரம் செய்கிற மரபு இருக்கிறது. எல்ம் அதற்கென்றே பிறந்தது. பழைய கட்டையிலும் மொட்டு விடும், எந்த மொட்டுக்கு மேலே வெட்டுகிறோமோ அந்தத் திசைக்குப் போகும். பெரிய வெட்டுகளை மட்டும் வண்டு பறக்காத குளிர்காலத்தில் வைத்துக்கொள்கிறேன்.

பிழையும் விட்டேன். 2024 இல் இரண்டு கிளைக்குக் கம்பி சுற்றிவிட்டு, பரீட்சைக் கரைச்சலில் பார்க்காமல் இருந்துவிட்டேன். எல்ம் ஆனியில் விறுவிறென்று மொத்திக்கும். கம்பி தோலுக்குள் இறங்கிவிட்டது. சுருள் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த ஒரு இடத்தில் கவிஞர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தாழ்வான சட்டிக்கு அது வந்ததே 2025 பங்குனியில், மொட்டு வீங்கும் நேரம். நாலு வருசம் வளர்ந்த பிறகு. அம்மா தூக்கி எறியச் சொன்னதும் சரியாக அந்தக் கிழமைதான்.

அம்மாவுக்கு நான் இதொன்றையும் விளக்கவில்லை. எங்கள் வேலியை மட்டும் ஞாபகப்படுத்தினேன். வருசா வருசம் கத்தியும் கொக்கத்தடியுமாய் நின்று கிளுவையையும் பூவரசையும் மொட்டையடிப்பது யார்? குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும். வெட்டின தடி அடுத்த பொட்டுக்குக் கதியால். வெட்டாமல் விட்ட வேலி அடி வெளித்து ஆடு மாடு பூரும் என்று எனக்குச் சொல்லித்தந்ததே அவதான். அது குறுக்குறது இல்லையோ எண்டு கேட்டேன்.

"அது வேலியடா" என்றா அம்மா. கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "அதுகும் தழைக்கத்தானே வெட்டுறது" என்றா.

இதை வைத்து 'தலையை நிமிர்த்தாமல் குட்டையாக இருந்தால் பிழைக்கலாம்' என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வரவேண்டாம். அந்தப் பாடத்தை எங்கள் வயதுக்காரர் வீட்டிலும் ரியூசனிலும் சோதனைச் சாவடியிலும் போதுமானளவு படித்தாயிற்று. எல்மே அதற்கு மறுப்புச் சொல்லும். பிரைற்றனில் இன்றைக்கும் ஆயிரக்கணக்கான எல்ம்கள் முழு உயரத்தில் தெருவோரம் நிற்கின்றன. ஒரு பக்கம் குன்றும் மறுபக்கம் கடலும் காத்தது கொஞ்சம். மிச்சம், எழுபதுகளில் இருந்தே நகரசபையும் ஊர்ச்சனமும் கோடை தோறும் கிளை கிளையாகப் பார்த்து, நோய் கண்டதை உடனே வெட்டியது. பிரெஸ்ரன் பூங்காவில் 400 வயது தாண்டிய இரட்டை எல்ம் இருந்தது. அதில் ஒன்றுக்கு நோய் வந்து 2019 இல் வெட்டினார்கள். மற்றதை நான் போய்ப் பார்த்தேன். அடித்தண்டு உள்ளே கோறை, ஆள் புகலாம். மேலே முழுக்க இலை. ஒரு ஊரே காவல் நிற்க முடிந்தால் எல்ம் அப்படி நிற்கலாம். என்னிடம் ஊர் இல்லை, வாடகை வீட்டுப் பின்வளவும் ஒரு கத்தரிக்கோலும்தான்.

சட்டிக்கு மாறிய பிறகு, சித்திரையில் முதல் இலை விட்டது. சின்னவிரல் நகமளவு. படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன். அம்மா ஒன்றும் எழுதவில்லை. தங்கச்சி தனியாக ஒரு குரல் அனுப்பியிருந்தாள்.

"அண்ணா, ஆர் என்ன சொன்னாலும் அதைக் குடுத்திடாதேங்கோ. எனக்குக் கம்பஸ் முடிய இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு."