சக்கர் குட்டிக்கு ஒரு மாற்று

வண்ணமீன் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கிறார்களே, அந்தக் கறுப்பு சக்கர் குட்டியை இனிமேல் விற்கவே கூடாது என்பது என் கட்சி. நான் மீன் கடைக்காரர்களுக்கு எதிரி இல்லை. அவர்களை வைத்துத்தான் என் வீட்டில் பாதி அடுப்பு எரிகிறது. சென்னை அயனாவரத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். மாடி அறையில் துணி அடுக்க வேண்டிய ராக்கில் கண்ணாடித் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் பிரிஸ்டில்நோஸ் பிளெகோ குஞ்சு எடுத்துக் கொளத்தூர் கடைகளுக்குக் கொடுக்கிறேன்.

சக்கர் குட்டி எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று பார்த்தால் புரியும். பிள்ளைக்காகத் தொட்டி வாங்க வருகிறவர் கப்பி, மோலி, கோல்டுஃபிஷ் என்று கை காட்டுவார். கவரில் முடிச்சுப் போடும்போது கடைப்பையன், "இதையும் ஒண்ணு போட்டுக்கங்க சார், பாசியெல்லாம் தின்னுடும், தொட்டியே கழுவ வேணாம்" என்பான். முப்பது ரூபாய்தானே. குட்டியாக இருக்கும்வரை அது பாசி தின்பது உண்மைதான். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீனுக்குப் போடும் தீனிக்கு வந்துவிடும். அதோடு, நூல் நூலாக அது போடும் கழிவைப் பார்த்தவர்கள் இதைத் துப்புரவுக்காரன் என்று சொல்ல மாட்டார்கள். ஒன்றரை அடி வரை வளரக்கூடிய ஜாதி. இரண்டடித் தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியாது. அப்போது வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். கொல்ல மனசு வராது. பாவம், தண்ணீரில் பிழைத்துப் போகட்டும் என்று வாளியில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஏரியில் விட்டுவிடுவார்கள்.

அது நன்றாகவே பிழைத்துக்கொள்கிறது. தென்னமெரிக்க ஆறுகளில் பிறந்த இனம். உடம்பு முழுக்க எலும்புத் தகடு. கொக்குக்கும் விராலுக்கும் எளிதில் இரையாகாது. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும், வயிற்றாலேயே அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சாக்கடை கலந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். கரையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு வளை தோண்டி முட்டையிட்டு ஆண் காவல் இருக்கும். வளை பெருகினால் கரை சரியும். முள் துடுப்பு மாட்டினால் வலை கிழியும். ஆந்திரம், கேரளம், வங்காளம் என்று பல இடங்களில் மீனவர்கள் இதைச் சபிக்கிறார்கள். நம் பக்கத்து ஏரிகளிலும் தூண்டில்காரர்கள் இதைப் பிடித்துக் கரையில் வீசிவிட்டுப் போகிறார்கள். தகடு காய்ந்து மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. பாவம் பார்த்து விட்டவர்கள் அதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மெக்சிகோவில் இன்ஃபியர்னிலோ என்ற நீர்த்தேக்கம், ஜிலேபி மீன் பிடிப்புக்குப் பேர்போனது. சக்கர் நுழைந்த பிறகு அங்கே வலையில் ஜிலேபியைவிட இதுதான் அதிகம் விழுந்தது. மீன்பிடித் தொழிலே படுத்துவிட்டது. ஜிலேபியும் நமக்கு அந்நிய மீன்தான், 1952இல் கொண்டு வந்து விட்டது, நம் ஏரிகளை அதுவும் பிடித்துக்கொண்டது. ஆனால் அது குழம்புக்காவது ஆகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை நம் நாட்டில் 2000இலேயே தடை செய்தார்கள். அது சாப்பாட்டு மீன் என்பதால் எல்லோர் கண்ணிலும் பட்டது. அலங்கார மீன் விளையாட்டுச் சாமான் போல யார் கவனத்துக்கும் வராமல் உள்ளே வருகிறது.

இதற்குப் பதில் என்ன என்றுதான் கேட்பீர்கள். சக்கரின் அதே பிளெகோ குடும்பத்துப் பிரிஸ்டில்நோஸ் இருக்கிறது. அதிகபட்சம் ஐந்தாறு அங்குலம். பாசி தின்பதில் கெட்டிக்காரன், வயதானாலும் அந்தப் பழக்கத்தை விடமாட்டான். ஆணுக்கு மூக்கின் மேல் கிளை கிளையாய் மீசை முளைக்கும். பெண்ணுக்கு உதட்டோரம் லேசாக இருந்தாலே அதிகம். ஆணையும் பெண்ணையும் சுலபமாகத் தெரிந்துகொள்ளலாம்.

பிளம்பர் மிச்சம் வைத்துப் போன ஒன்றரை அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்று, ஒரு பக்கம் அடைத்தது, அது முட்டையிடப் போதும். ஆண் அதற்குள் புகுந்து வாலை வெளியே நீட்டியபடி நாள் கணக்கில் சுத்தம் செய்வான். மழை பிடித்த நாளில் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக மாற்றிவிட்டால் பெண் குழாய்க்குள் போய்விடும். மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தால், கேசரிப் பவுடர் கலந்த ஜவ்வரிசி போலக் கொத்தாக முட்டை ஒட்டியிருக்கும். பெண்ணைத் துரத்திவிட்டு ஆண் வாசலை உடம்பால் அடைத்துக்கொள்வான். துடுப்பை விசிறிக்கொண்டே இருப்பான். சரியாகச் சாப்பிடக்கூட வெளியே வரமாட்டான். ஏறக்குறைய ஐந்து நாளில் பொரியும். மஞ்சள் கரு தொப்பையாய்த் தொங்க, குஞ்சுகள் வாயால் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். தொப்பை வற்றிய பிறகுதான் வெளியே வரும். அந்த வாரம்தான் கண்டம். குஞ்சை உறிஞ்சாத ஸ்பாஞ்ச் ஃபில்டர் வேண்டும், வெந்நீரில் ஒரு கொதி விட்ட கீரையும் சுரைக்காய்த் துண்டும் எந்நேரமும் இருக்க வேண்டும், மிச்சத்தை அழுகுவதற்குள் எடுத்துவிட வேண்டும். பசித்தாலும் சாகும், அழுகினாலும் சாகும்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் ஊற்றுவேன். போர் தண்ணீரின் உப்பைப் பிரிஸ்டில்நோஸ் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. பொறுக்காதது கத்திரி வெயில். தண்ணீர் சூடானால் காற்று அதில் நிற்காது. அந்த மாதத்தில் எனக்கு ஃபேன் இருக்கிறதோ இல்லையோ, தொட்டிகளின் மேல் டேபிள் ஃபேன் ஓடும்.

நான் மீன் கொடுக்கும் ஒரு கடைக்கார அண்ணனிடம் இந்தப் பேச்சை எடுத்தால், "நீ சொல்றது நியாயம்தாம்மா. ஆனா வர்றவன் முப்பது ரூபாய்க்குக் கேக்கறான், உன் மீன் நூத்தம்பது. யாரு வாங்குவா?" என்று சிரிப்பார். என் சரக்கு ஓட வேண்டும் என்று பேசுகிறேன் என்ற சந்தேகமும் அந்தச் சிரிப்பில் இருக்கும். இருக்கட்டும், என் லாபமும் இதில் உண்டுதான். ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும். பெரிய சக்கர் குஞ்சு எடுக்க, வளை தோண்ட மண்கரை உள்ள குளம் வேண்டும். அந்தத் தொழில் குளம் வைத்திருப்பவருக்கே. பிரிஸ்டில்நோஸுக்கு ஒரு ராக்கும் குழாய்த் துண்டும் இருந்தால் போதும். கொளத்தூரைச் சுற்றி வீட்டு முற்றத்திலும் மொட்டைமாடியிலும் தொட்டி கட்டி ஃபைட்டரும் கப்பியும் வளர்க்கும் குடும்பங்கள் இதையும் வளர்க்கலாம். நிறையப் பேர் வளர்த்தால் விலை தானே இறங்கும். இந்த மாற்றத்தால் நஷ்டப்படுகிறவர்களைவிடப் பிழைக்கிறவர்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

பிளெகோ வளர்ப்பை மொத்தமாகத் தடை செய் என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு ஒட்டாது. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டும் இருக்கும் வரிக்குதிரை பிளெகோ என்று ஒன்று உண்டு, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டது. பெலோ மோன்ச்சி அணை அதன் ஆற்றின் போக்கையே மாற்றிவிட்டது. பிடித்து ஏற்றுமதி செய்யவும் அந்நாட்டில் தடை. இன்று அது பல நாடுகளில் வீட்டுத் தொட்டிகளில் குஞ்சு பொரிக்கிறது என்றால், என்னைப் போல டார்ச்சும் கையுமாக உட்கார்ந்தவர்களால்தான். விலையைக் கேட்டதோடு சரி, நான் வாங்கியதில்லை.

மீன்வளத் துறை செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. விற்கக்கூடாத பெரிய சக்கர் இனங்களைப் படத்தோடு ஒரு தாளில் அச்சடித்து, கொளத்தூரிலிருந்து பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை வரை ஒட்டட்டும். மற்ற மீன்களின் தொட்டியில், விலைக்குப் பக்கத்தில், முழுசாக வளர்ந்தால் எத்தனை அங்குலம் என்று கடைக்காரர் எழுதி வைக்கட்டும். விற்ற கடை வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். பெரிய தொட்டி வைத்திருக்கிற கடைகள் நகரத்தில் இருக்கின்றன. ஏற்கெனவே வீட்டில் ஒன்று வளர்ந்து நிற்கிறது, யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்றால், கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, மீன் மயங்கிச் செவுள் அசைவு நின்ற பிறகும் வெகுநேரம் அதிலேயே விட்டுவைத்து, செடிக்கடியில் புதைத்துவிடுங்கள்.