யாருடைய பாவம்?

அண்மையில் குமரி மாவட்டக் கடற்கரைப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி மாணவர்க்கு நடைபெற்ற பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தோம். தலைப்பு: 'காலநிலை மாற்றம் - காரணங்களும் விளைவுகளும்'. பேசியவர் பதினேழு பேர். அவர்களுள் பெரும்பாலோர், ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால் பூமி சூடாகிறது என்றனர். பனிக்கரடி ஏறத்தாழ எல்லார் பேச்சிலும் வந்தது. ஒக்கிப் புயல் ஒருவர் பேச்சிலும் வரவில்லை. மரம் நடுவோம் என்று முடித்து அனைவரும் கைதட்டல் பெற்றனர்.

பிள்ளைகளை நாம் குறை கூறவில்லை. எழுதிக் கொடுத்தவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் மறைக்கல்வி பயிற்றுவோருமாகிய நாமே.

ஓசோன் வேறு கதை. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் அந்தப் படலத்தை அரித்தன. 1987இல் மாண்ட்ரியலில் நாடுகள் உடன்படிக்கை செய்து அவற்றைக் கைவிடத் தொடங்கின. படலம் மெல்லத் தேறி வருகிறது. பூமி சூடாவதற்குத் தலையாய காரணம், நிலக்கரியும் பெட்ரோலியமும் இயற்கை எரிவாயுவும் எரிக்கப்படுவதே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. முக்கால் கிலோப் பொருள் இரண்டு கிலோவுக்கு மேல் ஆவது எப்படி என்று மாணவன் கேட்க வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனோடு சேர்கிறது என்று நாம் விடையளிக்க வேண்டும். அவ்வாயு பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த அது, 2024இல் 420ஐக் கடந்திருந்தது. இவ்வாறு மிகுந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது.

கடல் என்றதும் நம் மாணவன் நிமிர்ந்து உட்கார வேண்டாமா? 2017 நவம்பர் 30, மீனவத் திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். அன்றுதான் குமரிக் கரைக்கு அருகே ஒக்கி புயலாக வலுத்தது. முன்பே ஆழ்கடல் சென்றிருந்தவர்களுள் பலர் மீளவில்லை. அப்புயலுக்குக் காலநிலை மாற்றம் ஒன்றே காரணம் என்று நாம் கூறோம்; தனியொரு புயலைப் பற்றி அவ்வாறு அடித்துச் சொல்வது அறிவியல் ஆகாது. ஆனால் சூடேறிய கடல் புயலுக்குத் தீனியிடும் என்பதும், அரபிக் கடல் சூடேறி வருகிறது என்பதும் ஐயத்துக்கு இடமற்றவை. தந்தையின் படத்துக்கு மாலையிட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு நாம் எழுதிக் கொடுப்பதோ பனிக்கரடி!

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. 'மனிதன் இயற்கையை அழித்தான்' என்று எழுதித் தருகிறோம். எந்த மனிதன்? ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்கையில், பொதுப்படச் சொல்லாதே, நீ செய்ததைச் சொல் என்று அதே பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். இங்கு மட்டும் பாவி பெயரற்றவன்! தொழிற்புரட்சி தொட்டு எரிபொருள்களால் உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. மண்ணெண்ணெய் விலைக்கு அஞ்சி அஞ்சி வள்ளம் இறக்குகிறவனும், தனி விமானத்தில் பறக்கிறவனும் ஒரே 'மனிதன்' ஆவார்களா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' மடலில் பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரிக்காமல் பேசினார்; 2023இல் 'லவுதாத்தே தேயும்' மடலில் செல்வ நாடுகளின் வாழ்க்கை முறையை வெளிப்படையாகவே கண்டித்தார். இவ்விரு மடல்களும் நம் பங்குகளில் எத்தனை வீடுகளை எட்டின?

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்ளவும் இயலாது. திருவிழாப் பத்து நாளும் ஜெனரேட்டர் உறும, வண்ண விளக்கும் வாணவேடிக்கையும் நடத்துகிறோம். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் கையில் வேப்பங்கன்று கொடுத்துப் படம் எடுக்கிறோம். கன்று நல்லதே, அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரியவர் பாவத்துக்குப் பிள்ளைகளைப் பரிகாரம் செய்ய வைக்கிறோமே, அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

அன்றைய போட்டியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாதியில் மனப்பாடத்தை மறந்து நின்றாள். பிறகு, "கடலு முன்ன மாதிரி இல்லன்னு எங்க தாத்தா சொல்லுவாங்க" என்று தொடங்கி, காற்று மாறியதையும் மீன் விலகிப் போனதையும் தன் போக்கில் சொன்னாள். மணி அடித்தது. நேரத்துக்குள் முடிக்கவில்லை என்று நாம் அவளுக்கு ஐந்து மதிப்பெண் குறைத்தோம்.