நல்ல கொழுப்பும் நமது தலைப்புகளும்

"நல்ல கொழுப்பு கூடினால் மாரடைப்பு வராது" என்று பத்திரிகையில் இருந்த காலத்தில் நானும் தலைப்பிட்டிருக்கிறேன். ஆய்வு சொன்னதோ வேறு. எச்.டி.எல். எனப்படும் அந்தக் கொழுப்பு கூடியவர்களிடம் மாரடைப்புக் குறைவாகக் காணப்பட்டது. அவ்வளவுதான். உடற்பயிற்சி செய்பவருக்கும் புகைக்காதவருக்கும்கூட எச்.டி.எல். கூடுதலே. அப்படியானால் இதயத்தைக் காத்தது எது? நான் கேட்கவில்லை.

நிருபர்கள் மட்டுமா ஏமாந்தார்கள்? எச்.டி.எல்.லை உயர்த்தும் டோர்செட்ராபிப் மருந்தை ஃபைசர் நிறுவனம் சுமார் 15,000 பேரிடம் சோதித்தது. எச்.டி.எல். 72 வீதம் உயர்ந்தது. மருந்து உண்டோரிடையே மரணமும் கூடியது. 2006 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது.

மருந்து இரத்த அழுத்தத்தையும் ஏற்றியது, பிழை மருந்தினுடையதே என்று வாதிட்டவர்கள் உண்டு. அதற்கு விடை மரபணுவில் கிடைத்தது. பெற்றோரின் எந்த மரபணு நமக்கு வரும் என்பது கருவிலேயே சீட்டுக் குலுக்கல்போல் தீர்ந்துவிடுகிறது; பின்னர் நாம் ஓடுவதும் புகைப்பதும் அதை மாற்றுவதில்லை. பிறப்பிலேயே எச்.டி.எல்.லை உயர்த்தும் மரபணு மாற்றம் கொண்டோரை ஆராய்ந்த கட்டுரை 2012இல் 'லான்செட்' இதழில் வந்தது. அவர்களுக்கு மாரடைப்புக் குறையவில்லை. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை உயர்த்தும் மரபணுக்களோ, எதிர்பார்த்தபடியே மாரடைப்பைக் கூட்டின.

இம்முறையிலும் ஓட்டை உண்டு: ஒரே மரபணு பல வேலைகள் செய்யக்கூடும். ஆயினும் ஆய்வாளரின் "காணப்பட்டது" நமது மேசைக்கு வந்ததும் "தடுக்கும்" என்று மாறுகிறதே, அதற்கு எந்த மரபணுவைக் குற்றம் சொல்வது?

என் தலைப்புக்கு இதுவரை திருத்தம் வெளிவரவில்லை. நானும் எழுதிக் கொடுக்கவில்லை.