மிட்டாய் மறுத்த வீடியோ: சாதிவெறி பதிவுகளுக்கு ‘டெலிட்’ மட்டும் போதுமா?

2022 செப்டம்பர். தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளம். மிட்டாய் வாங்க வந்த பள்ளிக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டாச்சு, உங்க தெருவுக்கு இனிமே எதுவும் தர மாட்டோம் என்கிற தொனியில் பேசி, வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறார் கடைக்காரர். அவர்கள் பட்டியல் சாதிக் குழந்தைகள்.

இதை யாரும் மறைந்திருந்து எடுக்கவில்லை. கடைக்காரர் தரப்பிலேயே எடுத்து, வாட்ஸ்அப்பில் பெருமையாகப் பரப்பிய வீடியோ அது.

ஆன்லைன் தீவிரவாதம் என்றதும் நமக்கு வெளிநாடுதான் ஞாபகம் வரும். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், தாக்குதலை ஃபேஸ்புக்கில் நேரலை செய்தான். இரண்டையும் அளவில் ஒப்பிட முடியாது. ஆனால் கேமரா செய்த வேலை ஒன்றுதான். பார்த்துக் கைதட்ட ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இரண்டு வீடியோவும் வெளியே வந்தன.

ஏன் சிக்குவதில்லை?

மெட்டா, யூடியூப் இரண்டின் விதிகளும் சாதி அடிப்படையிலான வெறுப்பைத் தடை செய்கின்றன. ஆனால் தென் மாவட்ட ரீல்ஸ் பலவற்றில் சாதிப் பெயரே இருக்காது. ரெண்டு கலர், ஒரு சினிமாப் பாட்டு, அரிவாள் எமோஜி, ‘ஆண்ட பரம்பரை’ என்று ஒரு வரி. மெஷினுக்கு இது சாதாரணப் பாட்டு. இளையரசனேந்தலிலோ கோவில்பட்டியிலோ பஸ்ஸுக்கு நிற்கும் பிளஸ் டூ பையனுக்கு, இது யாரைச் சீண்டுகிறது என்று ஒரு நொடியில் புரியும். வாட்ஸ்அப் குரூப்பில் ஓடினால், அந்த நிறுவனத்தாலேயே உள்ளே படிக்க முடியாது.

இந்தக் கலர் போனில் பிறந்ததும் இல்லை. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-லேயே பள்ளிக்கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது. அன்றைய அமைச்சரே பழைய நிலைதான் தொடரும் என்றார். கதை அங்கேயே நின்றது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மறுபடியும் கயிறுக்குத் தடை கேட்டது.

பாஞ்சாகுளத்தில் நடந்தது வேறு. அங்கே வீடியோவை நீக்குவதோடு யாரும் நிற்கவில்லை. கைது நடந்தது, கடைக்கு சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதிகம் தொடப்படாத ஒரு பிரிவை போலீஸ் கையில் எடுத்தது. 5 பேர் 6 மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர்க் கட்டுப்பாடு போட்டவர்களுக்கே ஊர்த் தடை!

அதற்காக, கண்ட பதிவுக்கெல்லாம் கைது என்று போலீஸிடம் சாவியைக் கொடுத்துவிடவும் முடியாது. ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவு அப்படித்தான் விமர்சகர்கள் மேல் பாய்ந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஷேர் பண்ணலாமா?

கோபத்தில் ஷேர் செய்தாலும் ஷேர்தான். பாஞ்சாகுளம் வீடியோ நல்லெண்ணத்தோடு பரவியபோதும் அந்தக் குழந்தைகள் அவமானப்பட்ட நொடி ஊரெல்லாம் ஓடியது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். லிங்க், ஐ.டி. பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ காவல் நிலையத்திலோ கொடுப்பது நல்லது. பதிவு காணாமல் போனாலும் ஆதாரம் கையில் இருக்கும்.

இதைவிடக் கஷ்டமான இடம் ஃபேமிலி குரூப். 2025 ஜூலையில் நெல்லையில் 27 வயது ஐ.டி. ஊழியர் ஆணவக் கொலை செய்யப்பட்டபோது, கைதானவரை ஹீரோ ஆக்கிய பதிவுகளும் சுற்றின. அப்படி ஒன்றை சித்தப்பா மகன் ஸ்டேட்டஸில் வைத்தால் சைபர் செல்லுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் அண்ணனுக்குத் தெரியும். குரூப்பில் திட்டினால் அவன் வீம்பு பிடிப்பான். தனியாக போன் போட்டு, “ஏன்டா இதை வச்ச?” என்று கேட்க அந்த அண்ணனால்தான் முடியும்.